அப்பாவோட கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்திட்டு மக்னீசியம் குடுக்கலாமுங்களா?

கோபிப்புள்ள:

வணக்கமுங்க எல்லாருக்கும். எங்கப்பாவுக்கு வயசு 61, ஊரு கோபி பக்கம், இன்னும் தோட்டத்துல வாழைக்கும் மஞ்சளுக்கும் அவரேதான் தண்ணி கட்டறாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நெஞ்சு வலி வந்து ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. அப்ப எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் 172. கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி ரோசுவாஸ்டாடின் 20ன்னு ஒரு ஸ்டாடின் மாத்திரை, ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு மாத்திரை, காலைல வெறும் வயித்துல அமிலத்தக் கொறைக்கற பான்டாபிரசோல், பிரஷருக்கு ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தாங்க. மூணு மாசத்துல எல்டிஎல் 76க்கு எறங்கிருச்சு, டாக்டரும் நல்லாருக்குன்னு சொன்னாரு. இப்ப போன வாரம் எடுத்த ரிப்போர்ட்ல 118னு வந்துருக்குதுங்க.

இதுல எங்க சென்னிமலை மாமா, அம்மாவோட அண்ணன், வீட்டுக்கு வந்திருந்தப்ப ரிப்போர்ட்டப் பாத்துட்டு "மாப்ள, இந்த மாத்திரை உனக்கு வேலை செய்யல, தொடையில சதை புடிக்குது புடிக்குதுங்கறயே அதுவும் இந்த மாத்திரையாலதான், மக்னீசியம் எடு, அது ஸ்டாடின் செய்யற வேலைய இயற்கையாவே செய்யும்"னு ஒரு டப்பா வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மாமா நல்ல மனுசருங்க, அப்பா மேல உசுரு. ஆனா இது நெஜமானு எனக்குத் தெரியல. டப்பால மக்னீசியம் சிட்ரேட் 1000 மி.கி.னு போட்டிருக்குது. அப்பா நான் சொன்னா கேப்பாரு, ஆனா மாமா சொன்னா அதுக்கு முன்னாடி கேப்பாரு. நான் கோயமுத்தூர்ல வேலைல இருக்கறேன், சனிக்கெழமதான் ஊருக்குப் போக முடியும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பவானிக்கூடல்:

அம்மிணி, நான் மருந்துக்கடைல ரொம்ப வருசமா இருக்கற பார்மசிஸ்ட்டுங்க. மொதல் வார்த்தை, சனிக்கெழம வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே போன் போட்டு ஸ்டாடின நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிருங்க. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு அந்த மாத்திரை ரிப்போர்ட்ல நம்பரக் கொறைக்க மட்டும் இல்ல, ரத்தக் குழாய்ல ஏற்கனவே படிஞ்சு கெடக்கற கொழுப்புத் திட்டு வெடிச்சுராம கெட்டியா வெச்சிருக்கறதுக்கும்தான். 1994ல ஸ்காண்டிநேவிய நாடுகள்ல 4444 இதய நோயாளிகள வெச்சு சிம்வாஸ்டாடினப் பாத்தாங்க, அஞ்சு வருசத்துக்கு மேல. மாத்திரை எடுத்தவங்கள்ல சாவு 30 சதவீதம் கொறைஞ்சுது. ஸ்டாடினுக்குப் பதிலா மக்னீசியம் குடுத்து அப்படிக் காட்டின ஆராய்ச்சி கெடையாதுங்க.

ஆனா மாமா சொன்னது எங்கிருந்தோ காத்துல வந்த பேச்சும் இல்ல, அதையும் சொல்லணும். நம்ம கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்யறதுக்கு ஒரு என்சைம் இருக்குது, எச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ்னு பேரு. ஸ்டாடின் அதோட வாய அடைக்குது. ஒடம்பும் அந்த என்சைம தானாவே அணைச்சு வெக்கும், அந்த அணைக்கற வேலைக்கு மக்னீசியம் வேணும். இதை வெச்சுத்தான் 2004ல அமெரிக்கால ஆண்ட்ரியா ரோசனாஃப், மில்ட்ரெட் சீலிக்னு ரெண்டு பேரு மக்னீசியத்தையும் ஸ்டாடினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க. அங்கிருந்து பரவி வீடியோ வீடியோவா வந்து கடைசில மாமா போனுக்கு வந்திருக்குது.

காகிதத்துல சரியா இருக்கறது ஒடம்புல சரியா வருதான்னு மனுசங்கள வெச்சுப் பாத்தாத்தான தெரியும். பாத்தாங்க. 2017ல 18 ஆராய்ச்சிய ஒண்ணாச் சேத்துக் கணக்குப் போட்டாங்க, எல்லாம் சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி ஆளுங்களப் பிரிச்சு ஒரு பக்கம் மக்னீசியம் குடுத்துப் பாத்தது. மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல், நல்ல கொலஸ்ட்ரால்ங்கற எச்டிஎல், ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு, நாலுலயும் சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல. சக்கரைக்காரங்கள மட்டும் தனியாப் பாத்த சில கணக்குல எச்டிஎல் ஒரு மூணு பாயின்ட் ஏறுனுச்சு, அவ்வளவுதான். பிரஷருக்குன்னா கொஞ்சம் நல்ல சேதி உண்டு, 2016ல 34 ஆராய்ச்சியச் சேத்துப் பாத்ததுல மேல் பிரஷர் 2 பாயின்ட் கொறைஞ்சுது, அதுவும் மூணு மாசம் தெனம் 368 மி.கி. பக்கம் எடுத்து.

எனக்குப் புரிஞ்சத சொல்றேன். காஞ்சு கெடக்கற வயலுக்குத் தண்ணி உட்டா பயிரு நிமிரும், ஈரமா இருக்கற வயலுக்கு இன்னும் உட்டா ஒண்ணும் கூடி வெளையாது. ஒடம்புல மக்னீசியம் நெஜமாவே கொறைஞ்சிருந்தா குடுத்தா நல்லது நடக்கும். கொறை இல்லாதவங்களுக்கு எல்டிஎல் மேல அதால ஆகப் போறது இல்ல.

இப்ப உங்களக் கேக்கறேன். அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் வாயுன்னு பாட்டில்ல வர்ற ஜெல் மருந்து எதாச்சும் குடிக்கற பழக்கம் இருக்குதுங்களா? இருந்தா எப்பக் குடிக்கறாரு? இதச் சரியாக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

நொய்யலாத்துக்காரன்:

நான் மக்னீசியம் எடுக்கறவனுங்க, அதனால எழுதறேன். எனக்கு வயசு 44, திருப்பூர்ல நிட்டிங் யூனிட். போன வருசம் எல்டிஎல் 151 இருந்துச்சு, மாத்திரை வேண்டாம் மூணு மாசம் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அப்ப இருந்து தெனம் ராத்திரி மக்னீசியம் கிளைசினேட் எடுக்கறேன், அதே சமயத்துல ஷிப்ட் முடிஞ்சு பரோட்டா திங்கறத உட்டேன், பேக்கரி டீயும் பப்ஸும் உட்டேன், காலைல ஆண்டிபாளையம் கொளத்துப் பக்கம் நடக்கறேன், எடை நல்லாவே கொறைஞ்சுது. எல்டிஎல் 127க்கு வந்துருச்சு. தூக்கமும் முன்ன விட நல்லா வருது. அதனால ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்றது எனக்கு ஒத்துவரலீங்க அண்ணா. ஆனா ஸ்டென்ட் வெச்ச பெரியவருக்கு மாத்திரைய நிறுத்தறதுங்கறது வேற கதை, அத நான் சொல்ல மாட்டேன்.

பவானிக்கூடல்:

தம்பி, 151ல இருந்து 127க்குக் கொண்டு வந்தது சாதாரண விசயம் இல்ல, அது உங்க ஒழைப்பு. பரோட்டா, பப்ஸ், எடை, நடை, இந்த நாலே போதும் அந்த 24 பாயின்ட்டுக்கு. மக்னீசியம் அதுல எவ்வளவுன்னு உங்க ஒருத்தர் ரிப்போர்ட்ட வெச்சுப் பிரிக்க முடியாது, அதனாலதான் ஒரே சமயத்துல ரெண்டு கூட்டமாப் பிரிச்சுப் பாக்கறாங்க. கிட்னி நல்லா இருந்து, அளவுக்குள்ள எடுத்து, தூக்கம் வருதுன்னா எடுங்க, நான் தடுக்கல.

ரிப்போர்ட்அக்கா:

நான் லேப் டெக்னீசியன், இந்த வேலைலயே தலை நரைச்சவ. ரெண்டு விசயம் சொல்றேன்.

ஒண்ணு, எல்டிஎல் தானா கூடக் கொறைய ஆடும். ஒரே ஆளுக்கு ஒரு வாரம் விட்டு எடுத்தாக்கூட பத்து சதவீதம் வரைக்கும் வித்தியாசம் வரலாம். 76 ஒருக்கா 82ஆ வந்தா அத ஏத்தம்னு எடுத்துக்கக் கூடாது. ஆனா 76 போயி 118ங்கறது ஆட்டத்துல வர்றது இல்ல, அதுக்குக் காரணம் இருக்குது, தேடித்தான் ஆவணும். அதோட நெறைய லேப்ல எல்டிஎல் நேரா அளக்கறது இல்ல, மொத்தக் கொலஸ்ட்ரால்ல இருந்து எச்டிஎல்லயும் ட்ரைகிளிசரைட அஞ்சுல வகுத்து வர்றதையும் கழிச்சுப் போடறது. ட்ரைகிளிசரைடு 400க்கு மேல போச்சுன்னா அந்தக் கணக்கு ஆவாது. உங்கப்பா ரிப்போர்ட்ல ட்ரைகிளிசரைடு எவ்வளவுன்னு பாருங்க. தைராய்டு மந்தமா இருந்தாலும் எல்டிஎல் ஏறும், தைராய்டுக்கான டிஎஸ்எச் டெஸ்ட் எப்பப் பாத்தீங்கன்னு தெரியல, அதையும் ஒருக்கா பாத்துருங்க.

ரெண்டு, மக்னீசியம் டெஸ்ட். ஒடம்புல மொத்தம் 25 கிராம் பக்கம் மக்னீசியம் இருக்குது, பாதிக்கு மேல எலும்புல, மீதி பெரும்பாலும் தசைல, ரத்தத்துல சுத்தறது நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. நாங்க அளக்கறது அந்த ரத்தத்துல இருக்கறதத்தான். அது கொறைஞ்சு வந்தா கட்டாயம் கொறைதான், நார்மலா வந்தாலும் உள்ள கொறை இல்லைன்னு அடிச்சு சொல்ல முடியாது. பான்டாபிரசோல் மாதிரி மாத்திரைய வருசக்கணக்கா எடுக்கறவங்களுக்கு மக்னீசியம் எறங்கும்னு 2011லயே அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை குடுத்திருக்குது. உங்கப்பா ரெண்டு வருசமா எடுக்கறாரு, சதை புடிக்குதுன்னும் சொல்றாரு. பிரஷர் மாத்திரை ஒருவேள நீர் பிரியற வகையா இருந்தா அதுவும் சேந்து எறக்கும். அதனால டெஸ்ட் எடுக்கறது வீண் செலவு இல்ல அம்மிணி.

கோபிப்புள்ள:

ரொம்ப நன்றிங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தேன். அண்ணா நீங்க கேட்டது சரியா இருந்துச்சுங்க, அப்பா ஏழெட்டு மாசமா ராத்திரி சாப்பிட்டு ஒடனே அந்த பிங்க் பாட்டில் ஜெல்ல ரெண்டு மூடி குடிச்சுட்டு, அதே தண்ணிலயே ரோசுவாஸ்டாடினையும் முழுங்கறாராமுங்க. பாட்டில்ல அலுமினியம் ஹைட்ராக்சைடு, மக்னீசியம் ஹைட்ராக்சைடுன்னு போட்டிருக்குதுன்னு அம்மா எழுத்துக் கூட்டிப் படிச்சுச்சு. ட்ரைகிளிசரைடு 165.

இன்னொண்ணும் தெரிஞ்சுது. அம்மாவ மாத்திரை அட்டைய எண்ணச் சொன்னேன், தீந்திருக்க வேண்டிய அட்டைங்க பாதிக்குப் பாதி அப்படியே கெடக்குது. கேட்டா சதை புடிக்குதுன்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடறாராமுங்க. யாருகிட்டயும் சொல்லல. "வாய்க்கால் தண்ணி ராத்திரில வர்றப்ப காலப் புடிச்சுட்டு உக்காந்தா மடை யாரு திருப்பறது"ன்னு கேக்கறாரு, நான் என்னத்த சொல்றது.

பவானிக்கூடல்:

அப்பாவத் திட்டாதீங்க. வலி இருக்கறவங்க மாத்திரைய உடத்தான் செய்வாங்க, அவருகிட்ட இத முன்னாடியே யாராச்சும் பொறுமையாக் கேட்டிருக்கணும்.

அந்த ஜெல் விசயம் கவனமாப் படிங்க. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த இந்த மாதிரி நெஞ்செரிச்சல் மருந்த, அதாவது ஆன்டாசிட்ட, ரோசுவாஸ்டாடினோட ஒண்ணா எடுத்தா ரத்தத்துல சேர்ற ரோசுவாஸ்டாடின் பாதியா கொறையும். இது அந்த மாத்திரையோட கூட வர்ற பேப்பர்லயே இருக்குது, ஆன்டாசிட்ட மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்கணும்னு. யாரு அந்த மடிச்ச பேப்பரப் பிரிச்சுப் படிக்கறா. மக்னீசியம் குடுங்கன்னு மாமா சொல்றாரு, ஏழெட்டு மாசமா மக்னீசியம் உள்ள போயிட்டுத்தான் இருக்குது, அது இருக்கற ஜெல்லுதான் மாத்திரைய ஒடம்புல சரியாச் சேர உடாமப் பண்ணிருக்குது. டப்பா மக்னீசியம் எடுக்கறதா இருந்தாலும் இந்த இடைவெளி வெச்சுக்கறதுதான் நல்லது.

ஆனா 118க்கு அது மட்டும் காரணமா இருக்காதுங்க. ஸ்டாடின்ல டோஸ ரெண்டு மடங்காக்குனா எல்டிஎல் இன்னும் ஒரு 6 சதவீதம்தான் எறங்கும், அதே மாதிரி பாதியாப் போனாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஏறும். 172ல ஆரம்பிச்சவருக்கு அது பத்து பாயின்ட். மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டது இன்னொரு பங்கு. மீதிக்கு சமையல் என்னன்னு பாக்கணும். அதனால மாத்திரை வேலை செய்யலைங்கறது தப்பு, மாத்திரை அவருக்குள்ள சரியாப் போகவே இல்ல.

தசை வலிக்கு வழி இருக்குது. டாக்டர்கிட்ட சொன்னா தசை பாதிச்சிருக்குதான்னு காட்டற சிபிகே டெஸ்ட் பாப்பாரு, டோஸக் கொறைக்கலாம், வேற ஸ்டாடின் மாத்தலாம், இல்ல எசெடிமைப்னு ஒண்ணு சேக்கலாம், அது கொடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதத் தடுத்து எல்டிஎல்ல இன்னும் ஒரு 20 சதவீதம் பக்கம் கொறைக்கும், தசைக்கும் அவ்வளவாத் தொந்தரவு குடுக்காது. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு எல்டிஎல் 70க்குக் கீழ இருக்கோணும், இப்பெல்லாம் 55க்குக் கீழன்னு கூட சொல்றாங்க. அத மக்னீசியத்த நம்பிப் புடிக்க முடியாது.

காங்கயம்தோட்டம்:

ஏனுங்க, டப்பா மாத்திரை எதுக்குங்க, நம்ம பக்கத்து சாப்பாட்டுலயே மக்னீசியம் கெடக்குது. ராகி நூறு கிராம்ல 140 மி.கி.க்கு மேல, சோளம் கம்பு ரெண்டுலயும் 120க்கு மேல, கொள்ளும் அதே ரேஞ்சு, எள்ளு நெலக்கடலை அதுக்கும் மேல. பாலிஷ் போட்ட அரிசில 20 கூட வராதுங்க. நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐசிஎம்ஆர் ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 440, பொம்பளைக்கு 370னு சொல்லிருக்குது. எங்க அப்பாரு காலத்துல காலைல கம்மஞ்சோறு, மத்தியானம் ராயிக்களி, பொழுதோட கொள்ளுப் பருப்பு, அவங்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படல. இப்ப மூணு வேளையும் வெள்ளை அரிசி, அதுலதான் ஓட்டை உழுகுது.

போர் தண்ணியப் பத்தியும் சொல்லணுமுங்க. எங்க பக்கம் ஆயிரம் அடி போர்ல வர்ற தண்ணில மக்னீசியம் நெறைய இருக்குது, குடிதண்ணில லிட்டருக்கு 30 மி.கி. வரைக்கும் நல்லதுன்னும் வேற தண்ணி இல்லைன்னா 100 வரைக்கும் தாங்கும்னும் கவர்மென்ட் தர அளவு இருக்குது. ஆனா உப்பு சாஸ்தின்னு எல்லார் வீட்டுலயும் ஆர்ஓ மாட்டியாச்சு, அது மக்னீசியத்தையும் சேத்து வெளிய தள்ளிருது. அதுக்காகப் போர் தண்ணியக் குடிக்கச் சொல்லல, ப்ளோரைடு நெறைய இருக்கற ஊருங்க இருக்குது.

எண்ணெயப் பாருங்க. நான் தேங்கா வெவசாயி, கொப்பரை வித்துத்தான் குடும்பம் நடக்குது, இருந்தாலும் சொல்றேன், தேங்காண்ணெய்ல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு எல்டிஎல்ல ஏத்தற கெட்டிக் கொழுப்பு, கடலெண்ணெய்ல இருவதுக்குள்ள. ஸ்டென்ட் வெச்சவரு வீட்டுல தாளிக்கறதும் பொரிக்கறதும் தேங்காண்ணெய்லன்னா எல்டிஎல் எறங்கறது கஷ்டமுங்க. எங்க அண்ணனுக்கு ஸ்டென்ட் வெச்ச பொறவு வீட்டுல கடலெண்ணெய்க்கு மாறிட்டோம், அதையும் அளந்துதான் ஊத்தறோம். சந்தகைக்குத் தேங்காப்பால் ஊத்திச் சாப்படறத மட்டும் நோம்பி நாளைக்குன்னு வெச்சிருக்கறோம்.

கடைசியா ஒண்ணு, ரொம்ப முக்கியமுங்க. தென்னைக்கும் பருத்திக்கும் போடற மக்னீசியம் சல்பேட் உரக்கடைல கிலோ கணக்குல சல்லிசாக் கெடைக்குது, அதத் தண்ணில கலந்து குடிச்சா மக்னீசியம் சேரும்னு எங்க ஊருல ஒருத்தரு சொல்லிட்டுத் திரிஞ்சாரு. அது பயிருக்கான சரக்கு, அதுல வேற என்ன கலந்திருக்குதோ யாருக்கும் தெரியாது, பேதி புடிங்கிட்டுப் போகும். யாரும் அதத் தொட்றாதீங்க.

ரிப்போர்ட்அக்கா:

காங்கயம் அண்ணா சொன்னதுல கொள்ளும் களியும் நல்லதுதான், நார்ச்சத்தும் சேந்து வரும், அது எல்டிஎல்லுக்கும் கொஞ்சம் ஒதவும். ஆனா ரொம்ப நாளா கிட்னி கோளாறு இருக்கறவங்க இதப் படிச்சுட்டு மக்னீசியம் டப்பா வாங்கிராதீங்க, கிட்னி வெளிய தள்ள முடியலன்னா ரத்தத்துல ஏறி நாடித் துடிப்பே கொறஞ்சுரும்.

கோபிப்புள்ள:

அப்பாகிட்ட இன்னிக்கு ராத்திரில இருந்து மாத்திரைய டெய்லி போடச் சொல்லிருக்கறேன், ஜெல்ல மாத்திரையோட சேத்துக் குடிக்கக் கூடாதுன்னு அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. எங்க வீட்டுல தேங்காண்ணெய்தானுங்க, அண்ணா சொன்னது அம்மாவுக்கு உறுத்திருச்சு. வெள்ளிக்கெழம லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். மாமாகிட்டயும் போன்ல பேசினேன், அந்த ஜெல் சேதியக் கேட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்பறம் "நானும் வர்றேன் அம்மிணி, டாக்டர் சொல்றத நானும் கேக்கறேன்"னாரு. டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும், டப்பாவ என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிருங்க.

பவானிக்கூடல்:

மாமா வர்றது ரொம்ப நல்லது, அப்பா அவரு பேச்சக் கேப்பாரு. எல்லா அட்டையும், அந்த ஜெல் பாட்டிலும், மக்னீசியம் டப்பாவும் ஒரு மஞ்சப்பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, பேரு சொல்றத விட நேராக் காட்டறது மேல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டதையும் மறைக்காம சொல்லிருங்க, இல்லைன்னா 118ப் பாத்துட்டு டோஸ ஏத்திருவாங்க, வலி இன்னும் கூடும். சிபிகே, கிட்னிக்கான கிரியேட்டினின், மக்னீசியம், டிஎஸ்எச் நாலும் பாக்கலாமான்னு கேளுங்க. பான்டாபிரசோல் இன்னும் எத்தனை நாளைக்குன்னு கேளுங்க, ஆனா ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரை ஓடறப்ப வயித்தப் பாதுகாக்கத்தான் அதக் குடுத்திருப்பாங்க, நீங்களா நிறுத்தக் கூடாது. அது எடுத்தும் நெஞ்செரிச்சல்னு ஜெல் வேற குடிக்கறாருன்னா அதையும் தனியாச் சொல்லுங்க, நெஞ்சுல எரியறது எல்லாமே வாயுவா இருக்காது, ஸ்டென்ட் வெச்சவருக்கு அத டாக்டர்தான் பிரிச்சுப் பாக்கோணும்.

டப்பாவுக்கு வர்றேன். மக்னீசியம் சிட்ரேட் 1000 மி.கி.ன்னா அதுல மக்னீசியம் ஒரு 160 மி.கி. பக்கம்தான், மீதி சிட்ரேட்டு. அமெரிக்கால பெரியவங்களுக்கு மாத்திரையா எடுக்கறதுக்கு மேல் வரம்பு நாளைக்கு 350. கிரியேட்டினின் நல்லா இருந்து டெஸ்ட்ல மக்னீசியம் கொறஞ்சு வந்து டாக்டரும் சரின்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம் ஒண்ணு எடுக்கட்டும், ராத்திரி ரோசுவாஸ்டாடின்ல இருந்து தள்ளியே இருக்கும். பேதி ஆச்சுன்னா நிறுத்திருங்க. வயசானவங்க சதை புடிப்புக்கு மக்னீசியம் பெருசா ஒதவறது இல்லைன்னுதான் ஆராய்ச்சில வந்திருக்குது, கொறை இருந்து அதச் சரி பண்றது வேற, அதனால டெஸ்ட் வர்ற வரைக்கும் டப்பாவப் பிரிக்க வேண்டாம். எல்டிஎல் டெஸ்ட்ட, மாத்திரை சரியாப் போட ஆரம்பிச்சு ஆறு வாரம் கழிச்சு எடுங்க, ரொம்ப சீக்கிரம் எடுத்தா நம்பர் சரியாச் சொல்லாது.